மழையிலும் காற்றிலும் மணமக்களைப் படம் எடுப்பது: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மார்கழியில் திருமணம் வைப்பதில்லை என்பதால், ஐப்பசி, கார்த்திகை முகூர்த்த நாள்களுக்கு மண்டபம் கிடைப்பதே பெரும்பாடாகிவிடுகிறது. வடகிழக்குப் பருவமழை வலுப்பதும் அதே இரண்டு மாதங்களில்தான். ஆகவே இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கவலையைச் சொல்கின்றன: மணமக்களை வெளியே நிறுத்திப் படம் எடுக்க ஆசை இருக்கிறது, வானம் இடம் கொடுக்குமா? பெற்றோர், மணமகள், புகைப்படக்காரர் எனப் பலதரப்பினரும் எழுதியிருப்பதால் பதில்களும் அவரவர் நிலைக்கேற்பவே அமைந்துள்ளன.

கேள்வி: கார்த்திகையில் என் மகளுக்குத் திருமணம். வரவேற்புக்கு முன்பு, மாலை ஐந்து மணிக்குக் கடற்கரையில் மணமக்களைப் படம் எடுப்பதாகப் புகைப்படக்காரர் சொல்லியிருக்கிறார். மழை வந்தால் இத்திட்டத்தையே கைவிட்டுவிடலாமா?
*— மணமகளின் தந்தை, கடலூர்*

கைவிட வேண்டாம், நேரத்தையும் இடத்தையும் மாற்றுங்கள். நேரத்தைப் பற்றி முதலில் சொல்கிறேன். நவம்பர் நடுப்பகுதியில் நம் கடலோரத்தில் சூரியன் மறைவது மாலை 5.40 மணியை ஒட்டி. வெயில் நாளில் ஐந்து மணி என்பது அருமையான நேரம். ஆனால் வானம் அடர்ந்து மூடியிருக்கும் நாளில் ஐந்து மணிக்கே முகம் தெரியாத அளவுக்கு இருட்டிவிடும். மூன்றரைக்கும் நான்கரைக்கும் இடையில் எடுத்துவிடுவது நல்லது. அதைவிட நல்லது, முகூர்த்தம் முடிந்து சிற்றுண்டி உண்ட பிறகு, காலை எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் எடுப்பது. கடலோர மாவட்டங்களில் இப்பருவத்து மழை பெரும்பாலும் பின்னிரவிலும் விடியலிலும் வலுத்து, காலை ஏறியபின் சற்றே தணிவதுண்டு. அன்றும் அப்படியே நடக்கும் என்று உறுதி கூற முடியாவிட்டாலும், மாலையைவிடக் காலையில் வெளிச்சம் மிச்சமிருக்கும் என்பது உறுதி.

அடுத்தது இடம். கடற்கரையில் ஒதுங்க இடமில்லை. காற்று நேராக முகத்தில் அறையும். ஈர மணல் புடவைக் கரையில் ஏறும். மண்டபத்தின் போர்டிகோ, அகலமான தாழ்வாரம், தூண்கள் உள்ள பழைய வீட்டுத் திண்ணை, பள்ளிக்கூட வராந்தா, கல்மண்டபம் என, மேலே கூரையும் முன்னே வெட்டவெளியும் உள்ள ஓர் இடத்தைத் திருமணத்துக்கு முந்தைய வாரத்திலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். உறவினர் வீட்டுத் திண்ணையாக இருந்தால் அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கோயில் மண்டபமாக இருந்தால் நிர்வாகத்திடம் அனுமதி பெறுங்கள். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடமாக இருந்தால், கேமரா முக்காலி வைத்து எடுப்பதற்கு உரிய அனுமதியை முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்குப் போய் வாசலில் நின்று வாதாடிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

வானிலை அறிக்கையையும் ஒரு திருமண வீட்டார் படிக்க வேண்டிய முறையில் படியுங்கள். இந்திய வானிலை ஆய்வு மையம் மாவட்டவாரியாக நிறம் குறித்து எச்சரிக்கை வெளியிடுகிறது. மஞ்சள் என்றால் நாள் முழுவதும் கொட்டும் என்று பொருளல்ல. கவனமாக இருங்கள் என்று பொருள். 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டருக்கு மேல் பெய்வதையே அவர்கள் கனமழை என்கிறார்கள். அத்தகைய நாளிலும் மழை பட்டைபட்டையாக வந்து, இடையிடையே கால் மணி, அரை மணி ஓய்வு தருவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த இடைவெளியைத்தான் நாம் பிடிக்க வேண்டும். அன்று காலையில் அடுத்த மூன்று மணி நேரத்துக்கான முன்னறிவிப்பையும், மழைமேகம் எங்கே நகர்கிறது என்று காட்டும் காரைக்கால் ராடார் படத்தையும் பார்க்கும் பொறுப்பை, திருமண வேலைகளில் சிக்காத ஓர் இளைஞரிடம் ஒப்படையுங்கள். உங்களுக்கோ மணமகனின் தந்தைக்கோ அதற்கெல்லாம் கவனம் இருக்காது.

ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை இருந்தாலும், இடி கேட்டாலும் பேச்சுக்கே இடமில்லை, உள்ளே இருங்கள். மின்னலைக் கண்டு இடியைக் கேட்பதற்குள் கழியும் நொடிகளை மூன்றால் வகுத்தால், அது எத்தனை கிலோமீட்டர் தொலைவில் விழுந்தது என்பது தோராயமாகத் தெரியும். பத்து கிலோமீட்டருக்குள் என்றால் வெளியே நிற்கக் கூடாது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை வெளியே வரவும் கூடாது. திண்ணையும் பந்தலும் மழைக்கு மறைப்பாகுமே ஒழிய மின்னலுக்குப் பாதுகாப்பல்ல. மரத்தடி அவற்றைவிட மோசமான இடம்.

கேள்வி: நான் திருமணப் படங்கள் எடுக்கத் தொடங்கிச் சில ஆண்டுகளே ஆகின்றன. மழை நாளில் நான் எடுக்கும் படங்களில் முகங்கள் நீலம் பாய்ந்தும், கண்கள் குழிந்து இருண்டும், வானம் வெறும் வெள்ளையாகவும் வருகின்றன. மழை பெய்துகொண்டிருந்தாலும் படத்தில் மழையே தெரிவதில்லை. எங்கே தவறுகிறேன்?
*— புகைப்படக்காரர், மயிலாடுதுறை*

தாங்கள் குறிப்பிட்ட நான்கு குறைகளில் மூன்றுக்குக் காரணம் ஒன்றுதான்: ஒளி எங்கிருந்து வருகிறது என்பதைக் கவனிக்காமல், வெயில் நாளில் நிறுத்தும் இடத்திலேயே மணமக்களை நிறுத்துகிறீர்கள். மேகம் மூடிய நாளில் வானம் முழுவதும் ஒரே விளக்காகிவிடுகிறது. அந்த விளக்கு தலைக்கு நேர் மேலே இருக்கிறது. அதனால் நெற்றியும் மூக்கும் ஒளிர, புருவத்தின் நிழல் கண்குழியில் விழுகிறது. நெற்றிச்சுட்டியும் தலைநிறையப் பூவும் அணிந்த மணமகளுக்கு அந்த நிழல் இன்னும் கூடுகிறது.

இதற்கு மருந்து, மேலிருந்து வரும் ஒளியை மறைத்துவிட்டு முன்னிருந்து வரும் ஒளியை மட்டும் முகத்தில் விழச் செய்வது. மணமக்களைக் கூரையின் விளிம்பிலிருந்து இரண்டு அல்லது மூன்று அடி உள்ளே, வெளியைப் பார்த்து நிற்கச் சொல்லுங்கள். கூரை தலைக்கு மேல் வரும் ஒளியைத் தடுத்துவிடும். எதிரே திறந்து கிடக்கும் வானம் பெரிய சன்னலைப்போல முகத்தில் மென்மையான ஒளியை வீசும். கண்ணின் மணியில் அந்த வானத்தின் ஒரு கீற்று மின்னும். ஓர் அடி முன்னால் வரச் சொல்லியும், ஓர் அடி பின்னால் போகச் சொல்லியும், முகத்தில் ஏற்படும் மாற்றத்தைக் கேமராவைக் கண்ணில் வைப்பதற்கு முன்பு வெறுங்கண்ணால் பாருங்கள். இந்த ஒரு பழக்கம் வந்துவிட்டால் மழை நாள் ஒளி, சித்திரை வெயிலைவிட எவ்வளவு நல்லது என்பது புரியும். நண்பகல் வெயிலில் பட்டின் ஜரிகை வெளுத்துப்போய்ப் பளிச்சிடும். மூடிய வானத்தின் கீழ் அதே ஜரிகை இழை இழையாகத் தெரியும். அரக்கும் மயில்கழுத்துப் பச்சையும் தம் உண்மையான ஆழத்தோடு வரும். மாநிறத் தோலின் இளஞ்சூடான சாயலும் கெடாமல் பதியும்.

வெள்ளை வானத்தைப் பற்றி: அதைப் படச்சட்டத்துக்குள் விடாதீர்கள், அவ்வளவுதான். சற்று உயரத்தில் நின்று, அல்லது நீண்ட லென்ஸ் கொண்டு, ஈரமான மரங்களோ கருங்கல் சுவரோ பின்புலமாக வரும்படி எடுங்கள். நீலச் சாயலைப் பற்றி: மேகமூட்டத்து ஒளியின் நிற அளவு 6,500 கெல்வினை ஒட்டியும், அதற்கு மேலும் இருக்கும்; இந்த எண் கூடக் கூட நீலச் சாயல் கூடும். நிறச் சாயலைச் சமன்செய்யும் ஒயிட் பேலன்ஸைத் தானியங்கியில் விட்டால் பச்சை மரங்களையும் சிவப்புப் பட்டையும் பார்த்து அது ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு முடிவு எடுக்கும். மேகமூட்டத்துக்கான அமைப்பில் நிறுத்தி, கேமரா பதிந்ததை மாற்றாமல் அப்படியே வைத்திருக்கும் ரா வடிவத்தில் எடுத்துவிட்டால், பிறகு எல்லாப் படங்களையும் ஒரே சீராகத் திருத்தலாம்.

மழை தெரியாமல் போவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. மழைத்துளி கண்ணாடி போன்றது. பின்னாலிருந்து ஒளி விழுந்தால்தான் ஒளிரும். அதன் பின்புலம் இருண்டிருந்தால்தான் அது பிரிந்து தெரியும். வெள்ளை வானத்தின் முன் பெய்யும் மழையை எந்தக் கேமராவாலும் காட்ட முடியாது. அடுத்த காரணம் ஷட்டர் வேகம், அதாவது கேமரா ஒளியை உள்ளே விடும் நேரம். பெரிய துளி நொடிக்கு எட்டு, ஒன்பது மீட்டர் வேகத்தில் விழுகிறது. 1/50 நொடி திறந்திருந்தால் அது பதினாறு முதல் பதினெட்டு சென்டிமீட்டர் நீளக் கோடாகப் பதியும். 1/500 நொடியில் இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவான சிறு கீறலாகும். கோடுகளாக வேண்டுமென்றால் 1/60-ஐ ஒட்டி வைத்து, மணமக்களை அசையாமல் நிற்கச் சொல்லுங்கள். துளித்துளியாக வேண்டுமென்றால் 1/500-க்கு மேல் போங்கள். அதற்காக ஒளியுணர்திறனின் அளவான ஐஎஸ்ஓவை 1,600, 3,200 என்று உயர்த்த அஞ்ச வேண்டாம்.

மாலை இருட்டில் மழையைக் காட்ட பிளாஷ்தான் வழி. ஆனால் கேமராவின் மேல் பொருத்திய பிளாஷை நேராக அடிக்காதீர்கள். லென்ஸுக்கு அருகில் விழும் துளிகள் எல்லாம் வெள்ளை வட்டங்களாக மணமகளின் முகத்தில் ஒட்டிக்கொள்ளும். இன்னொரு பிளாஷை நிறமற்ற பிளாஸ்டிக் பையில் சுற்றி, மணமக்களுக்குப் பின்னால் ஏழெட்டு அடி தள்ளி, அவர்கள் உடலால் மறையும்படி வைத்து, 1/32 அளவு வலிமையில், கேமராவை நோக்கி ஒளிரச் செய்யுங்கள். அவ்வளவு குறைந்த வலிமையில் பிளாஷ் ஒளிரும் நேரம் ஏறத்தாழ நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் துளி ஒரு மில்லிமீட்டர்கூட நகராது. அவர்களைச் சுற்றி விழும் ஒவ்வொரு துளியும் அந்தரத்தில் நின்றுவிடும். முகத்துக்கு மண்டபத்து விளக்கின் ஒளியோ, பேட்டரியில் எரியும் சிறு எல்.இ.டி. விளக்கோ போதும். மின்கம்பி இழுத்து எரியவிடும் விளக்குகளை ஈரத் தரைக்குக் கொண்டுவரவே கூடாது என்பதை அழுத்தமாகச் சொல்கிறேன். ஒரு படத்துக்காக யாரும் மின்சாரத்தோடு விளையாட வேண்டாம்.

கேள்வி: சினிமாவில் வருவதுபோல் நாங்கள் இருவரும் மழையில் நனைந்தபடி நிற்க வேண்டும் என்று புகைப்படக்காரர் கேட்கிறார். எனக்கும் கொஞ்சம் ஆசைதான். ஆனால் பாட்டி, முகூர்த்தப் பட்டை நனைக்கக் கூடாது என்கிறார். சிறுவயதில் நான் பச்சரிசி தின்றதால்தான் மழையாம், அதையும் சொல்லிக் காட்டுகிறார். யார் சொல்வதைக் கேட்பது?
*— மணமகள், கும்பகோணம்*

பாட்டி சொல்வதைக் கேளுங்கள், பட்டைப் பொறுத்தவரை. பச்சரிசி தின்ற பெண்ணுக்குக் கல்யாணத்தன்று மழை பெய்யும் என்பது நம் வீடுகளில் அன்போடு சீண்டும் பேச்சு. ஐப்பசி, கார்த்திகையில் நாள் குறித்தால் அரிசி தின்னாதவருக்கும் மழை வரும்.

நல்ல பட்டுப்புடவையில் உடல் ஒரு நிறமும் கரை ஒரு நிறமுமாக இருக்கும். சில சாயங்கள் ஈரம் பட்டால் கசிந்து ஒன்றில் மற்றொன்று ஏறிவிடும். நனைந்த இடம் காய்ந்த பின் வளையமாகக் கறை நிற்பதும் உண்டு. ஜரிகை என்பது வெள்ளி இழையில் பொன் முலாம் பூசியது; ஈரத்தோடு மடித்து வைத்தால் கறுக்கத் தொடங்கும். பல ஆண்டுகளுக்குப் பிறகு எடுத்துப் பார்க்க வேண்டிய ஒரு புடவையை ஒரு படத்துக்காக இழப்பது சரியல்ல. தவிர, விடியலுக்கு முன்பே எழுந்து, சரியாக உண்ணாமல், புகையில் அமர்ந்து சடங்குகளை முடித்த இருவரை ஈரக் காற்றில் நனையவைப்பது, அவர்களது உடல்நிலையைக் கருதும் எவரும் செய்யக்கூடிய செயலும் அல்ல. புகைப்படக்காரர்கள் இதை ஒரு வரையறையாகவே கொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து: மணமக்கள் தாமாக விரும்பி, பெரியவர்களும் அறிந்திருந்தாலன்றி, நனையச் சொல்லக் கூடாது. நனைந்த புடவை உடலோடு ஒட்டுவதைப் பெண்ணின் கண்ணியத்தை முன்வைத்தும் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்தப் படம் எத்தனை பேருடைய கைப்பேசிக்குப் போகும் என்பது எடுப்பவர் கையில் இல்லை.

உங்கள் ஆசைக்கு வழி இல்லாமல் இல்லை. கூரை விளிம்பிலிருந்து நீர் சரமாக விழும் இடத்துக்கு ஓர் அடி உள்ளே இருவரும் நின்று, கையை மட்டும் வெளியே நீட்டி நீரை ஏந்துங்கள். மருதாணி சிவந்த கையில் மழைநீர் தெறிப்பதும், அதைப் பார்த்து இருவரும் சிரிப்பதும் உண்மையான படமாக அமையும், புடவையும் நனையாது. முழுக்க நனைந்தே ஆக வேண்டும் என்றால், திருமணம் முடிந்து மறுவீடு போய்வந்த பிறகு, ஒரு பருத்திப் புடவையில், உங்கள் வீட்டு முற்றத்திலேயே நனையுங்கள்.

தவறிப் பட்டு நனைந்துவிட்டால் பிழியாதீர்கள், தேய்க்காதீர்கள். உலர்ந்த வெள்ளைத் துணியால் ஒற்றி, நிழலில் விரித்துக் காயவிடுங்கள். ஈரத்தில் இஸ்திரி போட வேண்டாம். முகத்தில் பட்ட நீரையும் துடைக்காமல் ஒற்றி எடுக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் குங்குமம் நெற்றியில் இழுபடும்.

கேள்வி: மணமக்களுக்குக் குடை பிடிப்பதாக இருந்தால் எந்த நிறக் குடை நல்லது?
*— மணமகனின் தம்பி, திண்டுக்கல்*

நிறமற்ற, ஒளி ஊடுருவும் குடையே முதல் தேர்வு. முகத்துக்கு வரும் ஒளியை அது தடுக்காது, பின்னாலிருந்து வரும் ஒளியில் அதன்மேல் உள்ள துளிகளும் மின்னும். இரண்டாவது வெள்ளை. சிவப்பு, பச்சை, ஊதா நிறக் குடைகளின் சாயம் ஒளியோடு கலந்து முகத்தில் இறங்கும். அதைப் பிறகு திருத்துவது பெரும் தொல்லை. கறுப்புக் குடை முகத்தை இருட்டாக்கும் என்றாலும், உங்கள் வீட்டில் காசி யாத்திரைச் சடங்கு உண்டென்றால் மாப்பிள்ளை கையில் குடை ஏற்கெனவே இருக்கும். விசிறியும் கைத்தடியுமாக அவர் புறப்படும் வேளையில் வெளியே மழை தூறிக்கொண்டிருந்தால், அந்தக் குடையைப் பக்கவாட்டில் சற்றுச் சாய்க்கச் சொல்லி வாசலிலேயே எடுத்துவிடலாம். அதற்காகத் தனியாக எதையும் ஏற்பாடு செய்ய வேண்டியதில்லை. குடை எதுவானாலும் இருவர் நிற்கும் அளவுக்குப் பெரியதாக இருக்கட்டும். நான்கைந்து வாங்கி வையுங்கள். விளம்பரம் அச்சடித்த குடை வேண்டாம்.

கேள்வி: எங்கள் ஊரில் ஆனி மாதத் திருமணங்களில் மழையைவிடக் காற்றே பெரிய சிக்கல். முந்தானை பறக்கிறது, முடி கலைகிறது, விளக்கு ஸ்டாண்டுகள் சாய்கின்றன. எப்படிச் சமாளிப்பது?
*— புகைப்படக்காரர், உடுமலைப்பேட்டை*

பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்று நேராக நுழையும் பகுதி உங்களுடையது. ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய ஊர்களிலும் இதே நிலைதான். காற்றாலைகள் அங்கெல்லாம் வரிசையாக நிற்பது சும்மா அல்ல. இந்தக் காற்றுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: பெரும்பாலும் ஒரே திசையிலிருந்து, மேற்கிலிருந்தோ தென்மேற்கிலிருந்தோ வீசும். ஆகவே இடத்தை முன்பே தேர்ந்துவிடலாம்.

காற்று வரும் திசைக்கு மறைவாக, மண்டபத்தின் கிழக்குப் பக்கச் சுவரை ஒட்டி நின்றால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். ஆனால் கட்டடத்தின் மூலையை விட்டு விலகி நில்லுங்கள். மூலையில் காற்று சுழன்று எல்லாப் பக்கமிருந்தும் அடிக்கும். இரண்டு கட்டடங்களுக்கு இடையிலுள்ள சந்து அதைவிட மோசம். தென்னந்தோப்பு கண்ணுக்கு அழகாக இருந்தாலும் பலத்த காற்றில் மட்டையும் காயும் விழும் என்பதால் அதைத் தவிர்த்துவிடுங்கள். பலகை, பேனர், அலங்கார வளைவு இவற்றின் அருகிலும் யாரையும் நிறுத்தாதீர்கள்.

வெட்டவெளியில்தான் எடுக்க வேண்டுமென்றால், மணமகளின் முகம் காற்றை எதிர்நோக்கிச் சற்றுச் சாய்வாக இருக்கட்டும். முடி முகத்தில் விழாமல் பின்னோக்கிப் போகும். முதுகில் காற்று வாங்கினால் முடியும் பூச்சரமும் முந்தானையும் ஒருசேர முகத்துக்கு வந்துவிடும். முந்தானையைத் தோளில் இரண்டு இடத்திலும், கொசுவத்தை உள்ளே ஓர் இடத்திலும் ஊக்கு குத்தி வைக்கும்படி, அலங்காரம் செய்பவரிடம் காலையிலேயே சொல்லிவையுங்கள். படம் எடுக்கும் இடத்தில் ஆண்கள் சூழ நிற்கும்போது அதைச் செய்யச் சொல்வது மணமகளுக்குச் சங்கடம். மாப்பிள்ளையின் அங்கவஸ்திரத்துக்கும் ஓர் ஊக்கு தேவை. மாலைகள் கனமாக இருந்தால் நல்லது. மெல்லிய சரங்கள் முறுக்கிக்கொள்ளும்.

இத்தனையும் சொன்ன பிறகு இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லாவற்றையும் கட்டிப்போட்டுவிடாதீர்கள். முந்தானையின் நுனியை மட்டும் ஒரு தோழி தூக்கிப் பிடித்து, காற்று வலுக்கும் நொடியில் விட்டுவிட்டு விலகினால், கனமான பட்டுகூட ஓர் அழகான வளைவில் எழும். 1/1000 நொடி வேகத்தில், தொடர்ந்து பல படங்களாக எடுங்கள். அவற்றில் ஓரிரண்டில்தான் முகமும் துணியும் ஒருசேர நன்றாக அமைந்திருக்கும். ஒரு கையால் மணமகள் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்குவது, மாப்பிள்ளை பறக்கும் மாலையைப் பிடித்து நேராக்கிவிடுவது என, காற்றே இருவருக்கும் செய்வதற்கு ஏதாவது தரும். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் விறைத்து நிற்கும் மணமக்களுக்கு அது பெரிய உதவி.

பிளாஷ் ஒளியை மென்மையாக்கும் சாஃப்ட்பாக்ஸ், ஒளிக்குடை இரண்டும் காற்றில் பாய்மரமாகிவிடும். அவற்றை வெளியே கொண்டுவராதீர்கள். சிறு பிளாஷை ஓர் உதவியாளர் கையில் பிடித்திருப்பதே பாதுகாப்பு. ஸ்டாண்ட் வைத்தே ஆக வேண்டுமென்றால், அதன் பெரிய காலைக் காற்றின் எதிர்ப்பக்கம், அதாவது அது சாயக்கூடிய திசையில் வைத்து, ஐந்தாறு கிலோ மணல் மூட்டையைத் தொங்கவிட்டு, பக்கத்தில் ஆளையும் நிறுத்துங்கள். குழந்தைகள் ஓடி விளையாடும் இடம் என்பதை மறக்கக் கூடாது.

கேள்வி: ஆனி மாதக் காற்றில் ட்ரோன் பறக்கவிடலாமா?
*— புகைப்படக்காரர், நாகர்கோவில்*

250 கிராமுக்கு உட்பட்ட சிறு ட்ரோன்களில் பரவலாகப் பயன்படுபவை நொடிக்கு 10.7 மீட்டர், அதாவது மணிக்கு 38 கிலோமீட்டர் வரையிலான காற்றையே தாங்கும் என்று தயாரிப்பாளரே சொல்கிறார். தரையில் நீங்கள் உணரும் காற்றைவிட மேலே வீசும் காற்று வலுவானது; எதிர்க்காற்றில் திரும்பி வருவதற்குள் பேட்டரி தீர்ந்துவிடும். மழைக்கு இவை ஏற்றவையும் அல்ல. கீழே நூற்றுக்கணக்கான உறவினர்கள் நிற்கிறார்கள். பறக்கவிடாதீர்கள். காற்று அடங்கிய நாளிலும் 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி அந்த இடம் தடைசெய்யப்பட்ட பகுதியில் வருகிறதா என்று பார்த்த பின்பே எடுங்கள்.

கேள்வி: குளிரூட்டிய மண்டபத்திலிருந்து வெளியே வந்ததும் லென்ஸ் முழுவதும் பனி படர்ந்துவிடுகிறது. துடைத்தாலும் மீண்டும் படர்கிறது. மழைத் தண்ணீர் கேமராவுக்குள் போய்விடுமோ என்ற பயமும் இருக்கிறது.
*— புகைப்படக்காரர், திருநெல்வேலி*

மண்டபத்தின் உள்ளே 22, 23 டிகிரி. கண்ணாடியும் உலோகமும் அந்தக் குளிர்ச்சியை ஏற்று வைத்திருக்கின்றன. வெளியே மழைக்காற்றில் நீராவி நிறைந்திருக்கிறது. குளிர்ந்த கண்ணாடியைத் தொட்ட உடனே அது நீராக மாறிப் படிகிறது. கண்ணாடி வெளிக்காற்றின் வெப்பத்துக்கு வரும்வரை, எத்தனை முறை துடைத்தாலும் படியத்தான் செய்யும். துடைத்துத் துடைத்து லென்ஸின் பூச்சைக் கெடுத்துக்கொள்வதுதான் மிச்சம்.

வெளியே எடுக்கப்போகும் கேமராவையும் லென்ஸையும் பையில் வைத்து மூடி, அரை மணி நேரம் முன்பே குளிரூட்டாத ஓர் அறையில் வைத்துவிடுங்கள். சமையற்கட்டை ஒட்டிய அறை வேண்டாம், அங்கே ஆவி அதிகம். இரண்டு கேமராக்கள் இருந்தால் ஒன்றை உள்ளே, ஒன்றை வெளியே என்று பிரித்துக்கொள்வதே சிறந்த ஏற்பாடு. வெளியே வந்த பின் லென்ஸை மாற்றாதீர்கள். 70–200 மி.மீ. போன்ற நீண்ட லென்ஸை மாட்டி, அதன் முன்னே மறைப்பாக நீளும் ஆழமான ஹூட் பொருத்தி, நீங்களும் ஒரு கூரையின் கீழ் நின்றுகொண்டு எதிரிலிருக்கும் மணமக்களை எடுத்தால், துளிகள் கண்ணாடியில் படுவது பெரும்பாலும் நின்றுவிடும். உடல் நீளும் ஜூம் லென்ஸ்கள் ஒவ்வொரு முறை நீளும்போதும் வெளிக்காற்றை உள்ளே இழுக்கின்றன. அவற்றைக் குறைவாக அசையுங்கள்.

ஈரம் புகாத கட்டமைப்பு என்று விளம்பரம் செய்யப்படும் கேமராக்களில் பெரும்பாலானவற்றுக்கு, எந்த அளவு நீரைத் தாங்கும் என்ற தரக்குறியீடு கொடுக்கப்படுவதில்லை. தூறலுக்குத்தான் அந்தப் பேச்சை நம்பலாம். ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பையும் ஒரு ரப்பர் வளையமும் உங்களிடம் உள்ள எந்தக் கேமராவுக்கும் போதுமான மழைச்சட்டை. வேலை முடிந்ததும் பேட்டரியையும் நினைவக அட்டையையும் எடுத்துவிட்டு, உலர்ந்த துணியால் ஒற்றி, மின்விசிறியின் கீழ் வையுங்கள். சூடான காற்று வீசும் கருவி வேண்டாம். அரிசி மூட்டைக்குள் புதைப்பதும் வேண்டாம். மாவும் தூசியும்தான் உள்ளே போகும். சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் ஓர் இரவு வைத்தால், நம் ஊர் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிப்பதையும் தவிர்க்கலாம்.

கேள்வி: வெளிப்புறப் படங்களுக்கென்று தனியாகப் பணம் பேசியிருக்கிறோம். மழையால் எடுக்க முடியாமல் போனால் பணத்தைத் திருப்பிக் கேட்பது முறையா? "வானத்தைக் கணினியில் மாற்றி வெயில் அடிப்பதுபோல் தந்துவிடுகிறேன்" என்கிறார். ஒப்புக்கொள்ளலாமா?
*— மணமகனின் அக்கா, தாம்பரம்*

மழை அவர் குற்றமில்லை. அன்றைய நாளை உங்களுக்காக ஒதுக்கி ஆள்களோடு வந்து நிற்பவர் அவர். எனவே முழுப் பணத்தையும் திருப்பிக் கேட்பது முறையாகாது. ஆனால் எடுக்காத படத்துக்கு முழுப் பணம் கொடுப்பதும் முறையல்ல. முன்பணம் கொடுக்கும்போதே, மழை வந்தால் எந்த இடத்தில் எடுப்பது, எதுவுமே முடியாவிட்டால் எத்தனை நாளுக்குள் வேறொரு நாளில் வந்து எடுத்துத் தருவது, அந்த நாளின் போக்குவரத்துச் செலவு யாருடையது என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட்டுக்கொள்ளுங்கள். இப்போதும் எழுதிக்கொள்ளலாம், நல்ல புகைப்படக்காரர் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

வேறொரு நாள் வைத்துக்கொண்டாலும், திருமண நாளன்றே கால் மணி நேரமாவது வாசலிலோ தாழ்வாரத்திலோ எடுக்கச் சொல்லுங்கள். வாடத் தொடங்கிய மாலையும், புதிதாகக் கட்டிய தாலியின் மஞ்சளும், விடியலிலிருந்து விழித்திருந்த கண்களும் அன்றைக்கு மட்டுமே உள்ளவை. பத்து நாள் கழித்து அதே புடவையைக் கட்டிக்கொண்டு நின்றாலும் அவை வருவதில்லை.

வானத்தை மாற்றுவதற்கு ஒப்புக்கொள்ள வேண்டாம். நிறத்தைச் சீராக்குவது, முகத்தில் விழுந்த ஒரு துளியை நீக்குவது போன்ற திருத்தங்கள் வேறு. மேகமூட்டத்தில் எடுத்த முகத்தில் வெயிலின் கூர்மையான நிழல் இருக்காது. பின்னால் நீல வானமும் வெயிலும் வைத்தால், பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் படம் பொய் என்பது தெரிந்துவிடும். ஈரமான தரையும், நனைந்த வாழைமரமும், உறவினர் கையில் உள்ள குடையும் அதே ஆல்பத்தின் அடுத்த பக்கத்தில் இருக்கும். அந்தத் திருத்தத்துக்கு அவர் செலவிடப்போகும் நேரத்தை, கூரையோரத்தில் எடுத்த படங்களில் நல்லவற்றைத் தேர்ந்து, தோலின் நிறத்தை ஒன்றுபோல் அமைத்துத் தருவதற்குச் செலவிடும்படி கேளுங்கள். அச்சுக்குப் போகும் முன் அவற்றைத் திரையில் அல்லாமல் ஒரு சிறு மாதிரி அச்சாகப் பார்த்துவிடுங்கள், ஏனெனில் மழை நாள் படங்கள் அச்சில் திரையைவிடச் சற்று இருண்டே வரும்.